கைராசி என்றொரு காரணம்

அடுத்த வாரம் நான் பயிற்சிப் பிரிவுக்கு மாறுகிறேன். மெஷின் அறை உங்கள் பொறுப்புக்கு வருகிறது. எந்தக் கட்டளையை எப்போது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. மெஷின் நின்று, தொலைபேசி அடித்து, அறைக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லும்போது என்ன செய்வது என்பதை மட்டும் எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் சரோஜாவின் வேலை போகவிருந்த கதையை எழுதுகிறேன். இதில் குங்குமம், வெள்ளைக் கையுறை, நாடு கடத்தப்பட்ட ஒரு நாற்காலி எல்லாம் வரும். நானாக எதையும் சேர்க்கவில்லை.

முதலில் மெஷினைப் பற்றிக் கொஞ்சம். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் அப்போதுதான் பெரிய மெஷின் வந்திருந்தது. அதன் மேல்நிலை மென்பொருள் ஒரு மெஷினையே பல மெஷின்களாகப் பிரித்துக் காட்டும். ஒவ்வொன்றும் ஒரு விர்ச்சுவல் மெஷின். அதற்குள் ஓடும் சிஸ்டம் தனக்கென்று ஒரு முழு மெஷின் இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடும். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டும் ஒரு நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய பழைய சிஸ்டத்தை அதன் தனி மெஷினிலிருந்து எடுத்து இந்த விர்ச்சுவல் மெஷின் ஒன்றுக்குள் குடிவைத்தோம். பழைய மெஷினின் செய்திகள் காகிதத்தில் அச்சாகி வரும். இங்கே திரையில் வரும். எங்களுக்குத் தெரிந்து மாற்றம் அவ்வளவுதான்.

சோதனை வாரங்களில் திரை நிரம்பியதும் வலது கீழ் மூலையில் ஓர் ஆங்கிலச் சொல் வரும்: 'மோர்'. இன்னும் செய்தி பாக்கி இருக்கிறது என்று பொருள். மத்தியான ஆப்பரேட்டர் பாலா அதைப் பார்த்து, "அக்கா, மோர் வந்திருச்சு, யாருக்கு வேணும்?" என்று தினமும் கேட்பான். தினமும் சிரிப்பு வராது. கொஞ்ச நேரம் விட்டால் திரை தானாகவே நகர்ந்துவிடும் என்பதால் மோரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் ஆப்பரேஷன்ஸ் மேற்பார்வையாளர் நடராஜா அங்கிள், அரசாங்கத்தில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். டை கட்டாமல் அவரைப் பார்த்தவர் இல்லை, திருநீறு இல்லாமலும். அவர் புது மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். திரையில் வைக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் வலது கீழ் மூலை. மோர் வரும் இடம் மறைந்தது. அதன் பிறகு சில வாரம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியதில் குங்குமத்துக்கே நல்ல பெயர். எங்கள் மேனேஜர் மிஸ்டர் லிம் தன் அறையில் சிவப்புச் சாமி மாடம் வைத்திருப்பவர். அந்த மூலையை யாரும் துடைக்கக் கூடாது என்று துப்புரவு ஆட்களுக்கு அவரே கட்டளை போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அங்கிள் குங்குமத்தைப் புதுப்பித்தார்.

சரோஜா வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. காப்பார் ஊரிலிருந்து விடியுமுன் கிளம்பி, பஸ் மாறி மாறி வந்து காலை ஷிப்ட் பார்ப்பாள். அவள் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். அது முடிந்து நிரந்தரமாக்காவிட்டால் வீட்டில் கல்யாணப் பேச்சை மறுபடி எடுப்பார்கள் என்றும், மாப்பிள்ளையின் படம் ஏற்கெனவே அலமாரிக்கு மேல் இருக்கிறது என்றும் என்னிடம் சொல்லியிருந்தாள். படத்தில் ஆள் பாதிதான் தெரியும், மீதி மோட்டார் சைக்கிள் என்றாள்.

அவள் சேர்ந்த அதே வாரம் கிள்ளான் நிறுவனத்தின் எல்லாக் கவுண்டர்களும் புது மெஷினுக்கு மாறின. அந்த வாரமே சிஸ்டம் நின்றது.

நின்றது என்றால் சத்தம் இல்லை, புகை இல்லை. திரையில் செய்திகள் அப்படியே இருக்கும். எதுவும் நகராது. பெரிய மெஷின் நன்றாக ஓடும், மற்ற விர்ச்சுவல் மெஷின்களும் ஓடும். இது ஒன்று மட்டும் உறைந்து கிடக்கும். கிள்ளானில் டெலிவரி ஆர்டர் அச்சாகாது. அங்கே கவுண்டர் பொறுப்பில் இருந்த முனியாண்டி அண்ணன் உடனே தொலைபேசியில் வந்துவிடுவார்.

"சரோஜா, மறுபடி ஜாமா? இங்க லோரி எல்லாம் கேட்டுல நிக்குது லா. டிரைவருங்க என்னைத் தான் பாக்குறாங்க, நான் என்ன அச்சு மெஷினா?"

நாங்கள் விர்ச்சுவல் மெஷினை அணைத்துத் திரும்ப எழுப்புவோம். அரைமணி போகும். அதன் பிறகு மாலை வரை மணியாக ஓடும். வாரத்தில் இரண்டு மூன்று காலை இப்படி. மத்தியானத்தில் ஒருமுறைகூட இல்லை.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பலகையில் காரணங்களை வரிசையாக எழுதினேன். மின்சாரம் ஏறி இறங்குகிறதா: இல்லை. குளிர்சாதனம்: சரி. ரயில் போகும்போது கட்டடம் அதிர்கிறதே: அதிர்கிறது, ஆனால் ரயில் மத்தியானமும் போகிறது. மெமரி பலகை: சிங்கப்பூரிலிருந்து வந்த என்ஜினியர் மாற்றிப்போட்டார், பயன் இல்லை, கீழே போய் மீன் தலைக் கறி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மிஸ்டர் லிம் தன் பங்குக்கு, அந்தப் பெண் சீனக் கணக்கில் புலி வருடத்தில் பிறந்தவளா என்று கேட்டு வரச் சொன்னார். கேட்டேன். முயல் வருடம். முயல் சாது, மெஷினை ஒன்றும் செய்யாது என்று அவரே அந்த வரியை அடித்துவிட்டார்.

அங்கிள் கடைசி வரியை எழுதச் சொன்னார்.

"நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லைப் பிள்ளை. அந்தப் பெட்டைக்குக் கைராசி இல்லை. அவ்வளவுதான். எழுதுங்கோ."

நான் எழுதவில்லை. அவரே எழுதினார், அழகான கையெழுத்தில். கைராசி. அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் காரணம் கிடைக்காவிட்டால், நிரந்தரமாக்க வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அதை வருத்தத்தோடுதான் சொன்னார், மழை வரும் என்று சொல்வதுபோல.

மிஸ்டர் லிம் சமாதானமாக ஒரு வழி கண்டார். கையில்தானே பிரச்சினை, கையை மூடிவிடலாம். ஹோட்டல் பணியாளர்களுக்குச் சாமான் விற்கும் கடையிலிருந்து வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி வந்தது. சரோஜா அதைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்தாள்.

"அக்கா, கல்யாண விருந்துல பரிமாற வந்த மாதிரி இருக்கேன்ல?" என்றாள். "மோரு கீரு கேட்டாங்கன்னா சொல்லுங்க." பாலாவின் பழைய நகைச்சுவை அவளுக்கும் எட்டியிருந்தது. ஆனால் அந்தச் சொல்லை அவள் திரையில் பார்த்ததே இல்லை.

கையுறை போட்ட முதல் காலை சிஸ்டம் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. அங்கிள் அந்த இரண்டு நாளும் கிள்ளானில், தங்கை மகளின் கல்யாணத்தில் இருந்தார். தொலைபேசியில் செய்தி கேட்டு, பார்த்தீர்களா என்று சந்தோஷப்பட்டார். மிஸ்டர் லிம் இன்னும் மூன்று ஜோடி வாங்கச் சொன்னார். நான் ஆறு வருடம் படித்த படிப்பை நினைத்துக்கொண்டே அதற்கான சீட்டை எழுதினேன்.

அங்கிள் திரும்பி வந்த காலை, கையுறையோடு நின்றது.

துணி மெல்லிசு என்றார் அங்கிள். அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சரோஜாவை மத்தியானத்துக்கு மாற்றி, பாலாவைக் காலைக்குக் கொண்டுவந்தோம். காலையில் நின்றது, பாலாவின் கையில். அவள் உட்கார்ந்த நாற்காலி அல்லவா என்றார் அங்கிள். நாற்காலியை நடைவழிக்குத் தள்ளினோம். அங்கே அதில் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை, மிஸ்டர் லிம்மைப் பார்க்க வந்த காப்புறுதி ஏஜெண்டுகூட அதை விட்டு நின்றுகொண்டே காத்திருந்தார். புது நாற்காலியிலும் நின்றது. ஷிப்ட் மாறும்போது பாலாவின் சாவிக்கொத்து அவள் கைக்குத்தானே போகிறது என்றார் அங்கிள்.

அங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. எதற்கும் பொருந்தும் காரணம் காரணமே இல்லை. கைராசிக்குக் கையுறை தடையில்லை, ஆள் மாறினால் தடையில்லை, நாற்காலி போனாலும் தடையில்லை. அதோடு வாதாடி ஜெயிக்க முடியாது. பக்கத்தில் நிஜமான காரணத்தைக் கொண்டுவந்து நிறுத்தத்தான் முடியும்.

சரோஜாவைக் காலைக்கே திரும்பக் கொண்டுவந்தேன். மிஸ்டர் லிம்மிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: அடுத்த முறை நிற்கும்போது, நான் பார்த்து முடிக்கும்வரை யாரும் அணைத்து எழுப்பக் கூடாது. அவருக்கு லோரிகளை நினைத்துப் பயம். பத்து நிமிடம் கொடுத்தார்.

இதைக் கவனமாகப் படியுங்கள். அதுவரை ஒவ்வொரு முறையும் நாங்கள் செய்தது என்ன? நின்றது, அணைத்தோம், எழுப்பினோம். எழுப்பும்போது திரை சுத்தமாகிவிடும். என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை எங்கள் கையாலேயே அனுப்பிவைத்துவிட்டு, சாட்சி இல்லையே என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கடைசி வாரம், வியாழக்கிழமை காலை நின்றது. தொலைபேசி அடித்தது. முனியாண்டி அண்ணனிடம் பொறுக்கச் சொல்லிச் சரோஜா மன்றாடிக்கொண்டிருந்தாள். அங்கிள் வாசலில், மிஸ்டர் லிம் அவருக்குப் பின்னால், கடிகாரத்தைப் பார்த்தபடி. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இது பாவனை இல்லை. கை முன்னால் இருந்தால் எதையாவது தட்டிவிடும்.

பக்கத்துத் திரையிலிருந்து பெரிய மெஷினிடம் கேட்டேன்: அந்த விர்ச்சுவல் மெஷின் என்ன செய்கிறது? சுற்றிச் சுற்றி ஓடி மாட்டிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தேன். பதில் வேறு. அது மாட்டிக்கொள்ளவே இல்லை. காத்திருந்தது. திரைக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும், திரை இடம் கொடுக்கவில்லை, அது கொடுக்கும்வரை மரியாதையாக நின்றுகொண்டிருந்தது. உறைந்தது வேறு, காத்திருப்பது வேறு. நாங்கள் இரண்டுக்கும் 'ஜாம்' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அலைந்தோம். காத்திருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: எதற்காக?

திரையைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை செய்திகள். வலது கீழ் மூலையில் குங்குமம்.

ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து மூலையைத் துடைத்தேன்.

"ஐயோ பிள்ளை, என்ன வேலை செய்து போட்டியள்" என்றார் அங்கிள். மிஸ்டர் லிம் ஓரடி பின்னால் போனார். குங்குமத்தைக் கைக்குட்டையோடு மடித்து, கீழே போடாமல், அலமாரி மேல்தட்டில் வைத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய நம்பிக்கையைத் துடைக்க வேண்டி வந்தால் துடைத்ததைக் குப்பையில் போடாதீர்கள்.

மூலையில் இருந்த சொல் 'மோர்' இல்லை. 'ஹோல்டிங்'.

மோர் தெரியும்போது சும்மா விட்டால் திரை தானாக நகரும். அந்த நேரத்தில் யாராவது என்டர் விசையைத் தட்டினால், இந்தத் திரையைப் படிக்க வேண்டும், பிடித்து வை என்று பொருள். மெஷின் சொன்னபடி பிடித்து வைக்கும். விடு என்று சொல்லும்வரை, எத்தனை நாளானாலும். செய்திகள் பின்னால் சேர்ந்து, சில நிமிடத்தில் மொத்த சிஸ்டமும் வரிசையில் நின்றுவிடும். காலையில் கவுண்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறப்பதால் திரை நிரம்பிக்கொண்டே இருக்கும், மத்தியானத்தில் அப்படி இல்லை. எல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இருப்பதைத்தான் குங்குமம் மறைத்தது.

திரையைச் சுத்தம் செய்யும் விசையைத் தட்டினேன். செய்திகள் குபுகுபுவென்று ஓடின. தொலைபேசிக்குள்ளிருந்து முனியாண்டி அண்ணன், "ஓடுது லா, ஓடுது" என்றது அறை முழுக்கக் கேட்டது. அணைக்கவும் இல்லை, எழுப்பவும் இல்லை.

ஆனால் சரோஜாவுக்கு அது நல்ல செய்தியாக இல்லை. என்டரை யாரோ தட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அவள் இன்னும் கழற்றாத வெள்ளைக் கையுறைகளைப் பார்த்தார்கள்.

"நான் தொடவே இல்ல அக்கா. அச்சு மெஷின் பக்கத்துல பேப்பர் மாட்டிட்டு இருந்தேன். சத்தியமா."

"தொடாமல் எப்பிடித் தட்டுப்படும்?" என்றார் அங்கிள். கேள்வி நியாயமானது. யார் யார் அந்த விசைப்பலகையைத் தொட்டார்கள் என்று காலையில் அறைக்குள் வந்த எல்லோரையும் கேட்டேன். பாலா தொடவில்லை, துப்புரவு அக்கா தொடவில்லை, நான் தொடவில்லை. அங்கிளையும் கேட்டேன். கணினித் தொழிலாளி இல்லையே நான், அதில் எனக்கு என்ன வேலை என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

மறுநாள் அங்கிள் சொன்ன வெள்ளி. கடிதம் அவர் பையில் தட்டச்சு செய்து தயாராக இருந்தது, சாயங்காலம் தலைமையகத்துக்குப் போகும். நான் சரோஜாவுக்கு முன்பே வந்து, திரையைப் பார்க்கிற மாதிரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கவுண்டர்கள் திறந்தன. திரை நிரம்பியது, மோர் வந்தது, போனது, வந்தது. சரோஜா பேப்பர் மாட்டப் போனாள்.

அங்கிள் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். நேரே வந்து, விசைப்பலகையின் வலது கீழ் மூலையை, என்டர் இருக்கும் இடத்தை, விரல் நுனிகளால் தொட்டு, கண்களில் ஒற்றிக்கொண்டார். திரும்பி நடந்தார்.

தினமும் செய்வதுதான். பழைய மெஷினுக்கும் வருடக்கணக்காகச் செய்தார், அங்கே அது காகிதத்தில் அச்சடிக்கும் பலகை, தொட்டால் ஒன்றும் ஆகாது. நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்தோம். யார் தொட்டார்கள் என்ற பட்டியலில் அவர் வரவில்லை, ஏனென்றால் கும்பிடுவதைத் தொடுவதாக எங்களில் யாரும் எண்ணவில்லை. அவரும் எண்ணவில்லை.

மூலையில் 'ஹோல்டிங்'.

என்ன செய்யலாம் என்று எனக்குச் சில நொடிகள் இருந்தன. மிஸ்டர் லிம்மைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் காட்டலாம். சிஸ்டம் நிற்கும்வரை விட்டு, லோரிகளை நிறுத்தி, நிரூபிக்கலாம். இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். லோரிக்காரர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவமானப்பட்ட மனிதர் உண்மையைக் கேட்க மாட்டார். உடனே திரையைச் சுத்தம் செய்தேன். அது மறுபடி நிரம்பி மோர் வந்தது.

"அங்கிள், ஒரு நிமிஷம். மறுபடி ஒருக்கா தொட்டுக் கும்பிடுங்க."

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்திருப்பார். முகம் மலர்ந்து திரும்பி வந்து, நிதானமாகத் தொட்டு ஒற்றிக்கொண்டார். 'ஹோல்டிங்'. திரையைச் சுத்தம் செய்து, மறுபடி மோர் வரும்வரை பார்த்திருந்தேன்.

"இன்னொரு தடவை, அங்கிள்."

"ஏன் பிள்ளை?"

"கும்பிடுங்க. ஆனா கண்ணை மூடாதீங்க. திரையில அந்த மூலையைப் பாருங்க."

தொட்டார். பார்த்தார். விரல்கள் கண்ணுக்குப் பாதி வழியில் நின்றுவிட்டன. நான் சுத்தம் செய்து மோர் வந்ததும் அவராகவே, நான் சொல்லாமல், நான்காவது முறை தொட்டுப் பார்த்தார்; அதையும் சுத்தம் செய்தேன். அச்சு மெஷின் பக்கத்தில் சரோஜா பேப்பர்க் கட்டைப் பிடித்தபடி நின்றாள். அவளும் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மிஸ்டர் லிம் உள்ளே எட்டிப் பார்த்து, காரணம் கிடைத்ததா, அந்தப் பெண்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அங்கிள் டையைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பெண் இல்லை, அறைக்கு வெளியிலிருந்து வந்த ஒரு கை, இனி வராது என்று அதே ஆங்கிலத்தில் சொன்னார். மிஸ்டர் லிம் நிம்மதியாகத் தலையாட்டினார். வெளியிலிருந்து வந்த கை அவருக்குப் போதுமான விளக்கமாக இருந்தது. எப்படிப்பட்ட கை என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம், கெட்டதைத் திருப்பியனுப்ப, வாசலில் ஒரு கண்ணாடி மாட்டினார்.

அங்கிள் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்து, நிரந்தரமாக்கச் சொல்லி வேறு எழுதித் தருவதாக என்னிடம் சொன்னார். எழுதியும் தந்தார். சாயங்காலம் போனது அதுதான்.

ஆனால் அப்போது அவர் போகவில்லை. விசைப்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். வலது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடது கையால் பிடித்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"சரோஜா" என்றார். அதுவரை அவள் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "நான் எங்க பிள்ளை தொடலாம்?"

சரோஜா பேப்பர்க் கட்டைக் கீழே வைத்தாள். வந்து, திரைப்பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள், விசை எதுவும் இல்லாத இடமாக. பிறகு பெட்டியின் மேல்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க தொடுங்க அங்கிள். இங்க தொட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது லா."